வான்கோழி வேட்டைக்கு ஷாட்கன்: முதலில் காகிதத்தைச் சுடுங்கள்

என் முதல் வான்கோழிச் சேவலை 20 கஜத்தில் தவறவிட்டேன். கையில் இருந்தது இரவல் வாங்கிய 12 கேஜ் (கேஜ் என்பது குழல் அளவு) ஷாட்கன், அதாவது ஒரே வெடியில் நிறைய ரவை பறக்கும் துப்பாக்கி; உள்ளே மூன்றரை அங்குலத் தோட்டா. அதற்கு முந்தின வாரம் அதே துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டுப் பார்த்ததில் தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த உதையை உடம்பு மறக்கவில்லை. விசையை இழுத்த நொடியில் முகம் தானாகவே கட்டையை (தோளில் முட்டுக்கொடுக்கும் பின்பகுதியை) விட்டு எழும்பிவிட்டது. முகம் எழும்பினால் குழலும் மேலே பார்க்கும். ரவை முழுதும் சேவலின் தலைக்கு மேலே போனது.

நான் ஐந்தடி ஒரு அங்குலம். நொட்டாங்கைப் பழக்கம். சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம், பதினோரு வருடமாக இருப்பது அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ரோலா ஊருக்கு வெளியே. இங்கே வசந்தகால வான்கோழி சீசன் ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை தொடங்கும். என் உயரத்துக்கும் என் கைக்கும் ஏற்ற துப்பாக்கியைத் தேடி நான் பட்ட பாட்டில் உங்களுக்கு உபயோகமானது இது.

வாங்குவதற்கு முன்னால் உரிமம், சட்டம். மிசௌரியில் 1967 ஜனவரி 1-லிருந்து பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஹெச்1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டாட்சிச் சட்டம் விடாது. மாநிலம் கொடுத்த செல்லுபடியான வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. இதில் வாட்ஸ்அப் ஆலோசனையை நம்பாமல் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். மாட்டினால் துப்பாக்கியோடு விசாவும் போகும்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். கடைக்காரர் 12 கேஜைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். கேஜ் எண் குறையக் குறையக் குழல் பெரிது: 12 கேஜின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் 15.6. ஒரு காலத்தில் பெரிய குழல் தேவைப்பட்டது உண்மைதான். ஈய ரவைதான் இருந்தது, நிறைய ரவை போக வேண்டுமென்றால் பெரிய தோட்டாதான் வழி. இப்போது டங்ஸ்டன் ரவை வந்துவிட்டது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம் என்றால் இதற்கு 18. ரவையிலும் எண் கூடக் கூட அளவு சிறிது. அதனால் சுமார் இரண்டு மில்லிமீட்டரே உள்ள 9-ஆம் எண் டங்ஸ்டன் ரவை, மூன்று மில்லிமீட்டர் கொண்ட 5-ஆம் எண் ஈய ரவை அளவுக்கு உள்ளே இறங்கும். ரவை சிறியதானால் ஒரு தோட்டாவில் எண்ணிக்கை கூடும். என் 20 கேஜ் அந்த இரவல் 12 கேஜை விட ஒரு பவுண்டுக்கு மேல் எடை குறைவு, ஆனால் காகிதத்தைச் சுட்டுப் பார்க்கும் சோதனையில் (பின்னால் சொல்கிறேன்) அதைவிட நன்றாக வேலை செய்கிறது. ஒரு தோட்டாவே பத்து டாலரைத் தாண்டும், அதுதான் வயிற்றெரிச்சல். சீசனுக்கு இரண்டு மூன்று தோட்டாதான் செலவாகும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப்பா, தானாகவே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். காஸில் இயங்கும் செமி ஆட்டோ உதையைக் கொஞ்சம் தணிக்கும், விலை கூட. பம்ப் மலிவு. வான்கோழிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வெடிதான். நொட்டாங்கைக்காரர்கள் மட்டும் சேஃப்டி (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரெமிங்டன் 870-இல் அது விசைக்குப் பின்னால் குறுக்காக அழுத்தும் பொத்தான், வலதுகைக்காரருக்குத் தோதானது. மாஸ்பெர்க் 500-இல் கட்டை தொடங்கும் இடத்தில் மேலேயே இருக்கிறது. எந்தக் கைக் கட்டைவிரலுக்கும் எட்டும். நான் இதை எடுத்ததற்கு அந்த ஒன்றுதான் காரணம். குழல் 21-லிருந்து 24 அங்குலம் போதும், மரத்தடியில் உட்கார்ந்து திருப்ப வசதி. நீளமாக இருக்கிறதே என்று வீட்டில் அறுத்துவிடாதீர்கள். 18 அங்குலத்துக்குக் கீழே போனால் வேறு சட்டம் வந்து நிற்கும்.

அடுத்தது கட்டை. பலரும் விட்டுவிடும் இடம் இதுதான். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை வழக்கமாக 14 அங்குலம் வைப்பார்கள். எனக்கு அது அண்ணன் சட்டை போட்ட மாதிரி. வேட்டைக்குப் போடும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் சாயுங்கள். மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் சரி. எனக்கு 13-க்கும் கொஞ்சம் கீழே வந்தது. இளையோருக்கான குட்டைக் கட்டையை வாங்கி, பின்னால் தடித்த ரப்பர் பேட் போட்டேன். செலவழித்ததில் மிக உருப்படியான பணம் அது.

இனி சோக். தோட்டத்துக் குழாய் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் தண்ணீர் பிரியாமல் தூரம் போகும் அல்லவா, குழல் முனையில் திருகும் சோக் அதே வேலையை ரவைக்குச் செய்கிறது. ஆனால் இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஈய ரவை நசுங்கித் திசைக்கு ஒன்றாகப் பறக்கும். வான்கோழி சோக்குகள் பலவற்றில் எஃகு ரவை போடவே கூடாது. தயாரிப்பாளர் எந்த ரவைக்கு என்று எழுதியிருக்கிறாரோ அதை மட்டும் போடுங்கள்.

எந்த சோக், எந்தத் தோட்டா என்று எந்தப் பெட்டியும் சொல்லாது, காகிதம்தான் சொல்லும். இறைச்சிக் கடையில் சுற்றித் தரும் பழுப்புக் காகிதத்தை மூன்றடிக்கு வெட்டி நடுவில் ஒரு புள்ளி வைத்து, 40 கஜத்தில் நிறுத்தி, காட்டில் உட்காருவது போலவே உட்கார்ந்து சுடுங்கள். பிறகு ரவை அடர்ந்து விழுந்த இடத்தில் பத்து அங்குல வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ணுங்கள். நூறு இருந்தால் நல்லது என்பது வேட்டைக்காரர்களின் வழக்கமான கணக்கு. சமையலறை மேசையில் காகிதத்தை விரித்து, நான் எண்ண எண்ண மகள் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு ஓட்டையையும் சுழிப்பாள். துப்பாக்கியோடு வந்த சோக்கில் 6-ஆம் எண் ஈய ரவை 47. வேறு சோக்கில் 71. டங்ஸ்டனில் 160-ஐத் தாண்டியதும் அவள் பேனாவை வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

வட்டத்தின் நடுவும் நீங்கள் வைத்த புள்ளியும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். என்னுடையதில் ஐந்து அங்குலம் இடது பக்கம் விலகியிருந்தது. அகலமாகப் பரவும் ரவைக்கு இது பரவாயில்லை. ஆனால் 20 கஜத்தில் இந்த சோக்கில் ரவை ஒரு தேங்காய் அளவுக்குள்தான் விழும். குறியோ தலையும் கழுத்தும் மட்டும். அதற்காகத்தான் சின்ன ரெட் டாட் (சிவப்புப் புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் கருவி) மாட்டினேன். திருகுகளுக்கு நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு போடுங்கள், இல்லாவிட்டால் உதையில் கழன்றுவிடும். முதலில் சாதாரணத் தோட்டாவில் சரிசெய்து, கடைசி ஒன்றிரண்டை மட்டும் விலை கூடியதில் சுட்டு உறுதி செய்தால் காசு மிச்சம்.

மற்றதெல்லாம் சில்லறை. பளபளக்கும் குழலுக்கு காமோ டேப் போதும், சீசன் முடிந்ததும் உரித்துவிடுங்கள், அடியில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். தோள்வாரின் இரும்பு வளையம் ஒரு வருடம் 'டிங்' என்றது. அறுபது கஜத்தில் வந்துகொண்டிருந்த சேவல் அப்படியே திரும்பிப் போனது. இப்போது வளையத்தில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு சுற்றியிருக்கிறேன்.

மிசௌரியில் 4-ஆம் எண்ணை விடப் பெரிய ரவை கூடாது. உங்கள் மாநிலத்து விதிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டுங்கள். உடுப்பில் சிவப்பு, வெள்ளை, நீலம் வேண்டவே வேண்டாம். அவை சேவல் தலையின் நிறங்கள், இன்னொரு வேட்டைக்காரர் உங்களைப் பார்த்துக் குழலைத் திருப்பிவிடுவார்.

கடைசியாக, என் கட்டையின் பக்கத்தில் ஒரு டேப்பை ஒட்டி '38' என்று எழுதியிருக்கிறேன். என் துப்பாக்கி காகிதத்தில் நம்பிக்கையாக நிற்கும் தூரம் அத்தனை கஜம். காலையில் உட்கார்ந்ததும் அந்தத் தூரத்தில் இருக்கும் மரம் எது என்று ரேஞ்ச்ஃபைண்டரில் (தூரம் அளக்கும் கருவியில்) பார்த்து வைத்துக்கொள்வேன். சேவல் தோகையை விரித்துக் கழுத்தைச் சுருக்கி நின்றால் சுடுவதில்லை. வான்கோழி போல மெல்ல ஒரு 'க்ளக்' குரல் கொடுத்தால் என்னவென்று பார்க்கக் கழுத்தை நீட்டும். அதுவும் அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றால்தான் சேஃப்டியைத் தொடுவேன்.