இங்கிலாந்தின் பழைய பங்குக் கோயிலைக் கல்லை வைத்தே காலம் கணிப்பது எப்படி

இங்கிலாந்துக் கிராமங்களில் உள்ள இடைக்காலப் பங்குக் கோயில்களில், அதாவது ஊருக்கான கிறிஸ்தவ தேவாலயங்களில், ஒரே மூச்சில் கட்டி முடித்தவை அபூர்வம். 1100 வாக்கில் எழுப்பிய சுவரை 1250-இல் உடைத்து வளைவு வைத்திருப்பார்கள். 1450-இல் சன்னலை அகலப்படுத்தியிருப்பார்கள். 1860-களில் பாதியைச் சுரண்டிப் புதுப்பித்திருப்பார்கள். எனவே "இது எந்த நூற்றாண்டுக் கோயில்?" என்ற கேள்வியோடு உள்ளே போகாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பகுதிகளில் எது முந்தியது என்று இடத்துக்கு இடம் கேளுங்கள். வரிசை தெரிந்துவிட்டால் ஆண்டு பின்னால் வரும்.

அளவு நாடா, டார்ச், சிறிய பைனாகுலர், கட்டம் போட்ட தாள், பென்சில் இவை போதும். வெயில் சாய்வாக விழும் காலையோ மாலையோ போங்கள். உச்சிவெயிலில் கல்லின் உளித்தடம் கண்ணுக்குத் தெரியாது.

முதலில் வெளியே ஒரு சுற்று

கிழக்குக் கோடியில் பீடப்பகுதி, அதற்கு மேற்கே மக்கள் கூடும் நடுக்கூடம், அதன் இருபுறமும் பக்கக்கூடங்கள், பெரும்பாலும் மேற்குக் கோடியில் கோபுரம். இந்த அமைப்பைத் தாளில் வரைந்துகொண்டு சுவரைப் பாருங்கள்.

மூலைக்கற்கள்தான் முதல் சாட்சி. ஒரு கல் நெட்டுக்குத்தாக நின்று, அடுத்தது படுக்கையாகச் சுவருக்குள் ஓடி, மீண்டும் நெட்டுக்குத்தாக வந்தால் அது ஆங்கிலோ-சாக்சன் வேலை, அதாவது 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியதற்கு முந்தைய மரபு. நார்த்தாம்ப்டன்ஷயரில் ஏர்ல்ஸ் பார்ட்டன் கோபுரத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். சன்னல் அல்லது வாசல் திறப்பில் சுவரின் பருமனையும் அளந்துகொள்ளுங்கள். 75 சென்டிமீட்டரை ஒட்டி மெல்லியதாக, ஆனால் உயரமாக இருந்தால் சாக்சன் என்று சந்தேகிக்கலாம். நார்மன் சுவர் பொதுவாக அதைவிடத் தடிமன். ஆனால் பருமனை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கல்லின் வயதும் சுவரின் வயதும் வேறாக இருக்கலாம். டரம் பகுதியில் உள்ள எஸ்கோம் கோயில் 7-ஆம் நூற்றாண்டில், பக்கத்திலிருந்த ரோமானியக் கோட்டையின் கற்களைக் கொண்டு கட்டப்பட்டது. ரோமானியப் படைப்பிரிவின் பெயர் பொறித்த கல் ஒன்று அதன் சுவரில் தலைகீழாகவே பதிந்திருக்கிறது. தெற்குச் சுவர்களில் பூசை நேரம் பார்க்கக் கீறிய சிறு நிழற்கடிகாரங்களுக்கும் இதே விதிதான். நடுவே ஒரு துளை, அதிலிருந்து விசிறிபோல் விரியும் கோடுகள் என்று இருக்கும். அது வெயிலே படாத வடக்குச் சுவரில் இருந்தால், வேறெங்கிருந்தோ எடுத்து வைத்த கல்.

அடுத்து, சுவரில் மேலிருந்து கீழாக நேர்கோடாக ஓடும் இணைப்பைத் தேடுங்கள். வரிசைக் கற்கள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போகாமல் நின்றுவிட்டால் அங்கே இரண்டு காலங்கள் சந்திக்கின்றன. எந்தப் பக்கம் செதுக்கிய மூலைக்கற்கள் இருக்கின்றனவோ அதுவே பெரும்பாலும் மூத்தது. இன்னொன்று அதன்மேல் வந்து ஒட்டியது.

கோபுரத்தின் கிழக்கு முகத்தை மறக்காதீர்கள். இன்றைய கூரைக்கு மேலே, கவிழ்த்த வி-வடிவத்தில் ஒரு கோடு தெரிந்தால் அது பழைய செங்குத்துக் கூரையின் தடம். 15-ஆம் நூற்றாண்டில் பல கோயில்கள் ஈயத் தகட்டுக்கு மாறின. செங்குத்தான சரிவில் ஈயம் தன் எடையாலேயே மெல்ல மெல்ல வழுகி இறங்கும். எனவே கூரையைத் தட்டையாக்கி, நடுக்கூடச் சுவரை உயர்த்தி, மேல்வரிசைச் சன்னல்கள் வைத்தார்கள்.

சன்னலைப் படிப்பது

நார்மன், ஏர்லி இங்கிலிஷ், டெக்கரேட்டட், பெர்பெண்டிகுலர் என்று இன்று நாம் சொல்லும் பிரிவுகளை வகுத்தவர் கட்டடக் கலைஞர் தாமஸ் ரிக்மன், 1817-இல். அவரே பின்னர் பார்ட்டன்-அப்பான்-ஹம்பர் கோபுரத்தை வைத்து நார்மனுக்கு முந்தைய பாணியையும் அடையாளம் காட்டினார். அங்கே அவர் செய்த வாதம் எளிமையானது: மேலே உள்ள அடுக்கு நார்மன் என்றால், அதைத் தாங்கும் கீழ் அடுக்குகள் அதைவிட மூத்தவையாகத்தானே இருக்க முடியும்? இந்த ஒரு தர்க்கத்தை எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள்.

அரைவட்டத் தலையுடன், வெளியே குறுகி உள்ளே அகன்று விரிவது நார்மன் சன்னல். உள்ளும் புறமும் விரிந்து, சுவரின் நடுவில் மட்டும் குறுகினால் சாக்சன். ஒடுங்கி உயர்ந்த கூர்முனை ஒற்றைச் சன்னல் ஏர்லி இங்கிலிஷ், சுமார் 1180 முதல் 1250 வரை. அதன்பின் சன்னலின் தலைப்பகுதியில் கல் பின்னல் வருகிறது, இது டெக்கரேட்டட். முதலில் வட்டங்கள், 1300-ஐத் தாண்டியதும் எஸ்-வளைவுகள் சேர்ந்து வலைபோல் நெளியும். பெர்பெண்டிகுலரில் நெளிவு போய், நடுக்கம்பங்கள் வளைவின் உச்சிவரை நேராக ஏறி முட்டும். 1348-49 கொள்ளைநோயால்தான் இந்த எளிய பாணி பிறந்தது என்று பலர் எழுதுவார்கள். ஆனால் க்ளாஸ்டர் மடத்துக் கோயிலில் 1330-களிலேயே அது தொடங்கிவிட்டது.

சன்னலின் காலத்தைச் சுவருக்குச் சூட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. சன்னல் விளிம்பைச் சுற்றிச் சுவர்க்கல் வெட்டுப்பட்டு, இடுக்குகளில் சில்லுக்கல் அடைத்திருந்தால் அது பிற்பாடு நுழைத்தது. விளிம்புகள் கத்திபோல் கூர்மையாக, உளித்தடம் ஒரே சீராக, எல்லாக் கல்லும் ஒரே நிறத்தில் இருந்தால் அது விக்டோரியா காலத்து மாற்றுவேலையாக இருக்கும். உட்சுவரின் பூச்சை உரித்துக் கரட்டுக்கல்லைக் காட்டியதும் பெரும்பாலும் அவர்கள்தான். இடைக்காலத்தில் அச்சுவர்கள் காரை பூசி, வண்ணம் தீட்டி இருந்தன. இந்தச் சுரண்டலை எதிர்த்தே எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். கோபப்பட அவருக்கு முழு நியாயம் இருந்தது. உரித்த பூச்சோடு ஓவியங்களும் போயின.

உள்ளே

தூண்வரிசை வளைவுகளுக்கு மேலே டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பாதி வெட்டுண்ட பழைய சன்னலின் தலை தெரிந்தால், வளைவைவிடச் சுவர் மூத்தது. பக்கக்கூடம் சேர்க்கும்போது பழைய வெளிச்சுவரைக் குடைந்து வளைவு வைத்துவிட்டு, மேல்பாதியை அப்படியே விட்டுவிடுவார்கள். பிரிக்ஸ்வொர்த் ஊரின் சாக்சன் கோயிலில் நடந்தது இதற்கு நேர்மாறு: பக்க அறைகள் இடிந்துபோக, ரோமானியச் செங்கல் வளைவுகளை அடைத்து வெளிச்சுவராக்கினார்கள்.

பீடப்பகுதி எளிமையாகவும் நடுக்கூடம் ஆடம்பரமாகவும் இருந்தால் குழம்பவேண்டாம். 13-ஆம் நூற்றாண்டு முதல் பீடப்பகுதியைப் பராமரிப்பது பங்கின் வருமானத்தைப் பெற்ற ரெக்டரின் பொறுப்பு, நடுக்கூடம் ஊராரின் பொறுப்பு. கம்பளி வியாபாரத்தில் செழித்த ஊர் தன் பொறுப்பில் இருந்த நடுக்கூடத்தை மட்டும் பெரிதாகக் கட்டிக்கொண்டது. அந்தப் பழைய பொறுப்பு நிலத்தோடு ஒட்டிவந்து, ஆஸ்டன் கேண்ட்லோ ஊரில் நில உரிமையாளர்களே பழுதுபார்க்கும் செலவை ஏற்கவேண்டும் என்று 2003-இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளிக்கும்வரை வந்தது.

பீடப்பகுதியின் தெற்குச் சுவரில், பூசைப் பாத்திரம் கழுவிய நீர் வடியும் சிறு கல்மாடம் இருக்கும். அது இடுப்புயரத்தில் இருக்கவேண்டியது. முழங்காலுக்குக் கீழே இருந்தால் பிற்காலத்தில் தரையை உயர்த்தியிருக்கிறார்கள். பக்கக்கூடத்தில் இதே மாடம் இருந்தால் அங்கே ஒரு பீடம் இருந்தது என்று பொருள். சுவரின் உயரத்தில் எங்கும் போகாத ஒரு கதவு தெரிந்தால், அது சிலுவை மேடைக்கு, அதாவது நடுக்கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் நடுவே பெரிய சிலுவை நின்ற உயர்ந்த மேடைக்கு, ஏறும் வழி. மேடைகளைச் சமயச் சீர்திருத்தக் காலத்தில் இறக்கிவிட்டார்கள், படிக்கட்டை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். எதிரெதிரே ஈயம் அடைத்த குழியோ உடைந்து ஒட்டுப்போட்ட இடமோ இருந்தால், மூடியைப் பூட்டிய கொக்கியின் தடம் அது. புனித நீரை யாரும் மாந்திரீகத்துக்கு எடுத்துப்போகாமலிருக்க 1236-இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் பூட்டச் சொன்னார். கோயிலைத் திரும்பக் கட்டியபோதும் தொட்டியை விட்டுவைப்பது வழக்கம், ஆகவே கோயிலிலேயே மூத்த பொருள் அதுவாக இருக்கலாம்.

வரைபடமும் ஆவணமும்

கண்டதை எல்லாம் 1:100 அளவில் வரைந்து, காலத்துக்கு ஒரு நிறம் தீட்டுங்கள். தெரியாத சுவரை வெள்ளையாகவே விடுங்கள். அதன்பின்தான் ஆவணங்களைத் தொடவேண்டும். முதலில் படித்தால் படித்தது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். 1086-இன் டூம்ஸ்டே பதிவேட்டில் கோயில் இல்லை என்பதை வைத்து அப்போது கோயிலே இல்லை எனக் கொள்ளாதீர்கள். அது நிலமும் வரியும் பற்றிய கணக்கு, கோயில்களை முழுதாக எழுதவில்லை. 15-ஆம் நூற்றாண்டு உயில்கள் அதைவிடப் பயன்படும். "புதிய கோபுர வேலைக்கு இவ்வளவு" என்று ஒருவர் எழுதிவைத்திருந்தால், அந்த ஆண்டில் வேலை நடந்தது அல்லது எதிர்பார்க்கப்பட்டது என்று கொள்ளலாம். முடிந்த ஆண்டாக அதை எழுதிவிடக்கூடாது.