கோதுமையில் களை: எங்கே தவறுகிறோம்?

களை கதிருக்கு மேலே தலை நீட்டிய பிறகுதான் பலருக்குக் கவலை வருகிறது. அப்போது ஆள் விட்டுப் பிடுங்கினால் வயல் பார்க்க அழகாக இருக்கும். போன விளைச்சல் திரும்பாது. விதைத்த முதல் 30 முதல் 45 நாட்களுக்குள்ளேயே பெரும்பாலான சேதம் நடந்து முடிந்திருக்கும். தூர், அதாவது அடியிலிருந்து பக்கத்தண்டுகள், கட்டும் அந்தப் பருவத்தில் தழைச்சத்தும் ஈரமும் களைக்குப் போனால், பயிர் தூர்களைக் குறைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு உரமிட்டாலும், இல்லாத தூரில் கதிர் எங்கிருந்து வரும்?

ரகத் தேர்விலும் ஒரு சறுக்கல் உண்டு. ரகத்தின் விளைச்சலாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் களை கட்டுப்படுத்தப்பட்ட சோதனைத் திடலில் கிடைத்த கணக்கு. களை மண்டும் வயலில் அந்த முதலிடம் நிலைக்க வேண்டிய கட்டாயமில்லை. முளைத்ததும் வேகமாக இலை பரப்பி, மண்ணை நிழலால் மூடும் ரகமே களையை அடக்கும். உயரமான ரகங்களுக்கு இந்தப் பலம் இயல்பாக உண்டு, ஆனால் அவை சாயும். குட்டை ரகம் சாயாமல் நின்று உரத்தையும் தாங்கும். ஆனால் வெளிச்சம் தரைவரை இறங்குவதால் களைக்குக் கொண்டாட்டம். குட்டை ரகத்தை அகல இடைவெளியில் விதைப்பது களைக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பதுதான். வரிசை இடைவெளியை 22 சென்டிமீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டராகக் குறைத்தாலே பயிர் சீக்கிரம் மூடிக்கொள்ளும். உரத்தை வயல் முழுக்க வீசாமல் விதை வரிசையின் அருகே இடுவதும் பயிருக்கே சாதகம்.

ஃபலாரிஸ் மைனர் என்னும் புல்வகைக் களை இளம் பருவத்தில் கோதுமையைப் போலவே இருக்கும். ஒரு நாற்றைப் பிடுங்கி, இலை தண்டைத் தழுவும் இடத்தைப் பாருங்கள். கோதுமைக்கு அங்கே ரோமமுள்ள சிறு காது போன்ற நீட்சிகள் இருக்கும். ஃபலாரிஸுக்குக் கிடையாது, அடித்தண்டும் பெரும்பாலும் செந்நிறம். காட்டு ஓட்ஸ் என்னும் இன்னொரு புல்வகைக் களைக்கும் அந்தக் காதுகள் இல்லை.

களைக்கொல்லியில் தவறுகள் ஏராளம். 2,4-டி அகன்ற இலைக் களைகளுக்கானது. சக்கரவர்த்திக் கீரை சாகும். புல்வகைக் களைக்கோ போட்டி ஒழிந்த நிம்மதி. பருவம் தவறித் தெளித்தால் கதிரே கோணலாகும். ஆண்டுதோறும் ஒரே மருந்தை அடிப்பது அதைவிட மோசம்: பஞ்சாப், ஹரியானா வயல்களில் ஐசோப்ரோட்யூரான் என்ற களைக்கொல்லிக்கு ஃபலாரிஸ் அசையாமல் நின்றது 1990களின் தொடக்கத்திலேயே தெரியவந்துவிட்டது. மெட்ரிபூசின் என்ற களைக்கொல்லியை எல்லாக் கோதுமை ரகங்களும் ஒன்றுபோலத் தாங்குவதில்லை என்பதையும் வாங்கும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காட்டு ஓட்ஸ் கோதுமை அறுவடைக்கு முன்பே விதையைப் பெருமளவு உதிர்த்துவிடும். தப்பிய செடிகளைக் கதிர் வந்ததும் கையால் பிடுங்கி வரப்புக்கு வெளியே கொண்டுபோனால், இந்த ஆண்டு விளைச்சல் ஏறாது. அடுத்த ஆண்டு முளைப்பது குறையும்.