போர்ச்சுகீசிய வினைகளில் அசை பிரித்தலும் அழுத்தம் அறிதலும்

தமிழில் அழுத்தம் இடம் மாறினாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. போர்ச்சுகீசிய வினைகளிலோ காலமே மாறிவிடும். 'பேசினார்கள்' என்பது ஃப-லா-ரவ்ங். 'பேசுவார்கள்' என்பது ஃப-ல-ராவ்ங். அழுத்தம் விழும் அசையை நெடிலாக எழுதியிருக்கிறேன். இறுதி மூக்கொலி இரண்டிலும் ஒன்றே. ஆகவே வினைத்திரிபு அட்டவணையை மனப்பாடம் செய்யுமுன் அசை பிரிக்கப் பழகுவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உயிரொலிகளை எண்ணுங்கள். ஓர் அசைக்கு ஓர் உயிர், அல்லது ஓர் இணையுயிர் (ஒரே அசையில் சேர்ந்து ஒலிக்கும் இரு உயிர்கள்). இரட்டித்த ஆர், எஸ் எழுத்துகளை இரு அசைகளுக்கும் பங்கிட வேண்டும். எல்-எச், என்-எச் கூட்டெழுத்துகளைப் பிரிக்கக் கூடாது.

அடுத்து சொல் எந்த எழுத்தில் முடிகிறது என்று பாருங்கள். அ, எ, ஒ எழுத்துகளிலோ, அவற்றோடு எஸ் சேர்ந்தோ, அம், எம் என்றோ முடிந்து, உயிரெழுத்தின் மேலே அழுத்தக்குறி எதுவும் இல்லாவிட்டால், அழுத்தம் ஈற்றயல் அசையில் (கடைசிக்கு முந்தையதில்) விழும். இ, உ, ஆர், எல், இசட் ஆகியவற்றில் முடிந்தால் கடைசி அசையில் விழும். 'பேச', 'வாங்க' போன்ற எச்ச வடிவங்கள் ஆரில் முடிவதால் 'பேச' என்பதை ஃப-லார் என்கிறோம். இந்த வழக்கத்தை மீறும் வடிவத்துக்குக் குறி கட்டாயம்: 'பேசிக்கொண்டிருந்தோம்' என்னும் ஃப-லா-வ-முஸ் ஈற்றிலிருந்து மூன்றாம் அசையை அழுத்துவதால் குறி பெறுகிறது. மேற்கண்ட எதிர்கால வடிவத்தில் அழுத்தத்தைக் காட்டுவது ஈற்று அலைக்குறி.

உயிர்கள் அடுத்தடுத்து வருமிடத்தில்தான் கவனம் அதிகம் தேவை. 'வெளியேறுகிறார்' என்பது சாய் என்னும் ஓரசை. 'வெளியேறினேன்' என்பது ச-ஈ என்னும் ஈரசை. இரண்டாவதில் இகரம் தனித்து அசையாகி அழுத்தம் பெறுவதால் அதன்மேல் குறி வருகிறது. அதே வினையின் எச்சமான ச-ஈர் வடிவில் ஆர் அதே அசையில் ஒட்டிக்கொள்வதால் குறி இல்லை. 'படிக்கிறார்கள்' என்னும் லே-எங் வடிவில் முன்பு இட்ட கூரைக்குறியை 1990ஆம் ஆண்டின் எழுத்துமுறை உடன்படிக்கை நீக்கிவிட்டது, அசை இரண்டே.

'அதை' என்னும் பிரதிப்பெயர் பின்னால் ஒட்டும்போது எச்சத்தின் ஆர் கெட்டு, இணைப்புக்கோட்டுக்கு முன்னுள்ள பகுதி தனிச்சொல்லாகவே கணக்கிடப்படும். 'அதை வாங்க' என்னும் கொம்-ப்ரா-லு அகரத்தில் முடிவதால் குறி வேண்டும். 'அதைப் பிளக்க' என்னும் பர்-தீ-லு இகரத்தில் முடிவதால் வேண்டியதில்லை. 'அதைக் கட்ட' என்னும் கொன்ஸ்-த்ரு-ஈ-லு மட்டும், இகரமே ஆனாலும், முன்னுள்ள உகரத்திலிருந்து பிரிந்து நிற்பதால் குறி பெறும்.