ஜான் ஸ்டூவர்ட் மில்லின் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி? (அப்பாவோடு குழப்பிக்கொள்ளாமல்)

போன மாதம் ஒரு சிற்றிதழுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி மில்லைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்பினேன். "பதினோரு வயதுப் பையனா இந்திய வரலாறு எழுதினான்?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. மானம் போனதுதான் மிச்சம். அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி இது.

படி 1: கோடு போட்ட நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸல் எனக்கு ஒத்துவரவில்லை. அதில் திருத்தினால் பழைய தப்பு மாயமாகிவிடுகிறது; நோட்டில் அடித்தது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

படி 2: பக்கத்தின் நடுவே நெடுக ஒரு கோடு. இடப்பக்கம் அப்பா ஜேம்ஸ் மில், வலப்பக்கம் மகன் ஜான். நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். இருவரும் எழுத்தாளர்கள், இருவருக்கும் வேலை கிழக்கிந்திய கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில். ஜேம்ஸ் 1819-இல் சேர்ந்து, 1836-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஜான் 1823-இல், பதினேழு வயது முடிந்த மறுநாள், அப்பாவுக்குக் கீழேயே வேலைக்குப் போனார். ஆக, பதின்மூன்று ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் இரண்டு மில்!

1817-இல் வந்த 'பிரிட்டிஷ் இந்திய வரலாறு' அப்பாவுடையது; அதைத்தான் அப்போது பதினோரு வதான மகன் கணக்கில் எழுதிவிட்டேன். இந்தியாவுக்கு வராமலேயே எழுதியது (மகனும் வந்ததில்லை, அது வேறு கதை). ஆனால் பையனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு: அப்பா அச்சுப் புரூஃப் திருத்தும்போது கையெழுத்துப் பிரதியை வாசித்துக் காட்டியது அவன்தான். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை இருபது வயதில் மனம் ஒடிந்துபோனதில் எனக்கு வியப்பில்லை. வலப்பக்கத்தில் 1826-ஐ வட்டமிட்டு வையுங்கள்.

படி 3: ஒவ்வொரு நூலுக்கும் எழுதிய ஆண்டு, வெளியான ஆண்டு இரண்டையும் குறியுங்கள். பெண்களின் அடிமைநிலை பற்றிய நூல் வெளியானது 1869-இல். அதை மட்டும் பார்த்தால், நாடாளுமன்றத்தை விட்டு வந்த பிறகுதான் பெண்கள் பக்கம் திரும்பினார் என்று தோன்றும். எழுதியதோ 1861 வாக்கில், எம்.பி. ஆவதற்கு முன்பே.

படி 4: எம்.பி. பதவி 1865 முதல் 1868 வரை, மூன்றே ஆண்டு. ஆனால் இதற்குத் தாராளமாக இடம் விடுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதி, லிபரல் கட்சி. ஓட்டுக் கேட்டு அலையமாட்டேன், காசும் செலவழிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் நின்றார். தொழிலாளர்கள் பொதுவாகப் பொய்யர்கள் என்று எழுதினீர்களா என்று தொழிலாளர்கள் நிறைந்த கூட்டத்தில் ஒருவர் கேட்க, "எழுதினேன்" என்றார். கைதட்டல்! 1867 மே 20 அன்று, அவருடைய 61-ஆவது பிறந்தநாளில், வாக்குரிமை மசோதாவில் 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நபர்' என்று போடச் சொன்னார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார்.

இங்கே நின்றுவிட்டால் குறிப்பு துதிபாடலாகிவிடும். தனிமனித சுதந்திரத்துக்காக 1859-இல் நூல் எழுதியவர், அந்தச் சுதந்திரம் 'பின்தங்கிய' சமூகங்களுக்குப் பொருந்தாது என்று அதே நூலில் எழுதினார். முப்பத்தைந்து ஆண்டு கம்பெனிச் சம்பளம் வாங்கியவர் என்பதை அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பின்சேர்க்கை: 'மனைவி ஹாரியட் இறந்த துக்கத்தில் வேலையை விட்டார்' என்று இந்தப் பதிவில் முதலில் எழுதியிருந்தேன். ஒரு வாசகர் பின்னூட்டத்தில் பிடித்துவிட்டார். இரண்டுமே 1858-இல் நடந்தவை, சரி. ஆனால் கம்பெனி ஆட்சி முடிந்து வேலை போனது முதலில். அப்புறம் நவம்பரில், தெற்கே பயணம் போகும் வழியில், பிரான்சின் அவின்யோனில் ஹாரியட் இறந்தார். மில் அந்தக் கல்லறைக்கு அருகிலேயே வீடு வாங்கினார், 1873-இல் அவரும் அங்கேதான் இறந்தார். எனவே 1858-க்கு மட்டும் ஆண்டோடு மாதத்தையும் எழுதிவிடுங்கள்.