மார்கழியில் கொண்டை கறுத்தால்: கோழி அம்மையில் செய்யக் கூடாதவை

மார்கழி பிறந்ததும் கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "பனியில் கோழிக்குக் கொண்டை கறுத்துப் போய்விட்டது." போதாக்குறைக்குக் குளிர்நாட்டுக்காரர்களின் காணொளிகள் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. பனிக்கடியில் கறுத்த கொண்டையை அவற்றில் பார்த்தவர்கள், நம் வீட்டுச் சேவலுக்கும் அதேதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கூண்டைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே குண்டு பல்பை எரியவிட்டு, கொண்டையில் எண்ணெயைத் தேய்க்கத் தொடங்குகிறார்கள். முதல் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது.

பனிக்கடி என்பது சதைக்குள் இருக்கும் நீரே உறைந்து, ரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் செத்துப்போவது. அதற்குக் குளிர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போக வேண்டும். ஈரோட்டிலோ காங்கேயத்திலோ தாராபுரத்திலோ எந்த மார்கழி விடியலும் அந்த அளவுக்குப் போவதில்லை. மேலே ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அங்கே கோழி வளர்ப்பவர்கள் மட்டும் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். விறைத்துப்போன கொண்டையையும் கால் விரலையும் தேய்க்கக் கூடாது, நெருப்பருகே காட்டக் கூடாது. விரல்களைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் வைத்து மெல்ல இளக விட வேண்டும். இளகிய பிறகு அன்றிரவே மறுபடியும் குளிரில் விட்டால் பாதிப்பு இரட்டிப்பாகும். கறுத்த நுனியை வெட்டவே வேண்டாம். சில வாரங்களில் அது தானாகக் காய்ந்து விழுந்துவிடும்.

சமவெளியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அம்மை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தோப்பில் கிடக்கும் தேங்காய்த் தொட்டி, உடைந்த பானை, மாட்டுத் தாழி என்று எல்லாவற்றிலும் தண்ணீர் தேங்கி, கொசு பெருகும் காலம் இது. இரவில் அடைந்திருக்கும் கோழியின் உடம்பில் இறகில்லாத இடங்கள் கொண்டை, தாடி, கண் இமை, அலகின் ஓரம் ஆகியவைதான். கொசு கடிப்பதும் அங்கே, அம்மை எழும்புவதும் அங்கே. முதலில் வெளிறிய சிறு பருக்கள் தோன்றும். பிறகு மஞ்சளாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, கரும்பழுப்புப் பொருக்காக இறுகும். பனிக்கடி பிடித்த கொண்டையில் நுனிகள்தான் கறுக்கும், அந்த இடம் மேடு தட்டாது. அம்மைப் பொருக்கு விரலால் தடவினால் நெருடும். கொண்டையின் அடியிலும் இமையிலும்கூட இருக்கும். கொண்டை முழுவதுமே நீலம் பாய்ந்து, கோழி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தால், அல்லது ஒரே சமயத்தில் பல கோழிகள் சாகத் தொடங்கினால், அது வேறு நோய். அப்போது எதையும் தேய்த்துக்கொண்டிராமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

அம்மை என்று தெரிந்த பிறகும் கை சும்மா இருப்பதில்லை. பொருக்கைப் பிய்த்துவிட்டு, அந்தப் புண்ணில் சுண்ணாம்பையோ மண்ணெண்ணெயையோ அடுப்புச் சாம்பலையோ அப்புகிறார்கள். பொருக்கை எடுத்தால்தான் புண் ஆறும் என்பது பல வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. பிய்த்ததும் ரத்தம் கசியும். சிவப்பைக் கண்ட மற்றக் கோழிகள் அங்கேயே கொத்தும். கொத்திய அலகோடு நோய்க் கிருமி அடுத்த கோழிக்குப் போகும். பிய்த்துப் போட்ட பொருக்கிலும் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தானாக உதிர்ந்ததைக்கூடக் கூட்டிப் பெருக்கிச் சாணக் குழியில் போடாமல் எரித்துவிடுவதே சரி. சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மேலாகப் பூசலாம். பொவிடோன் அயோடினைத் தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றலாம். இரண்டும் கண்ணில் படக் கூடாது. பொருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே உதிரும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

என் மனத்தை அதிகம் வருத்துவது கண்தான். தோல் அம்மை வந்த கோழி அம்மையால் சாவதைவிடப் பட்டினியால் சாவதே அதிகம் என்று சொல்வேன். இமையில் பொருக்கு கட்டி இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்ட ஒரு சிறுவிடை (சிறிய உடலுள்ள நாட்டுக்கோழி) பெட்டையைப் பக்கத்துத் தோட்டத்தில் பார்த்தேன். கம்புத் தட்டு அதன் காலடியிலேயே இருந்தது. கோழி கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுவிட்டு, தட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி வெறும் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. "தீனி வைத்துக்கொண்டுதானே இருக்கிறேன் கண்ணு, தின்ன மாட்டேன் என்கிறதே" என்றார் அந்த வீட்டு ஆத்தா. தட்டில் தீனி குறையவில்லை என்றால் கோழிக்குப் பசியில்லை என்று நினைத்துக்கொள்வது அவர் மட்டும் செய்கிற தவறில்லை. மார்பு எலும்பைத் தொட்டுப் பாருங்கள். கத்தி முனைபோலத் துருத்திக்கொண்டிருந்தால் அது பல நாளாகச் சாப்பிடவில்லை.

கண்ணைத் திறக்க அவசரப்படக் கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அரை லிட்டருக்கு ஒரு சிறு கரண்டிக்கு மேற்படாமல் உப்புப் போட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது பஞ்சை நனைத்துக் கண்மேல் சில நிமிடம் வைத்திருங்கள். கோழியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் திமிறாது. பொருக்கு ஊறி, இமை தானே விலகுகிற அளவுக்குத் துடைத்தால் போதும். மீதி மறுநாளைக்கு இருக்கட்டும். காலையும் மாலையும் இதைச் செய்ய வேண்டும். இமைக்கு அடியில் மஞ்சளாகக் கட்டியிருந்தால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். கண் தெரியாத நாட்களில் கோழியைத் தனிப் பஞ்சாரத்தில் போட்டு, தீனித் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். விரலால் தட்டைத் தட்டி ஓசை காட்டி, அலகின் நுனி தீனியில் படும்படி செய்தால் பழகிக்கொள்ளும். கம்பங்கூழையோ ராகிக்கூழையோ கெட்டியாகக் கொடுக்கலாம். முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கிக் கலந்தால் தோல் தேறத் தேவையான வைட்டமின் ஏ கிடைக்கும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் அதுவே நக்கி விழுங்கும்.

கொண்டையைப் பார்ப்பவர்கள் வாய்க்குள் பார்ப்பதில்லை. அம்மை சில கோழிகளுக்குத் தொண்டையில் கட்டும். வாயைத் திறந்து மூச்சுவிடுவது, மூச்சில் கரகரப்பு, நாக்கருகே மஞ்சள் ஆடை இவையெல்லாம் அதற்கு அடையாளம். இது தோல் அம்மையைவிடப் பல மடங்கு ஆபத்தானது. அந்த ஆடையைக் குச்சியால் சுரண்டினால் ரத்தம் கொட்டி மூச்சு அடைத்துவிடும். அப்படிப்பட்ட கோழியை அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதும் பரவலாக நடக்கிறது. அம்மை வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. புண்ணில் சீழ் வைத்தால் மருத்துவர் அதைக் கொடுப்பார்; கொடுத்தால் எத்தனை நாள் முட்டையும் கறியும் சாப்பிடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கோழி அம்மை மனிதருக்கு ஒட்டாது. குழந்தைகள் இருக்கிற வீடு என்று பயந்து கோழியை அடித்துவிட வேண்டாம்.

இன்னொன்று, சந்தை. குண்டடத்திலோ புன்செய்ப் புளியம்பட்டியிலோ வாங்கிவந்த பெருவிடை (பெரிய உடலுள்ள நாட்டுக்கோழி) சேவலை அன்று மாலையே பட்டியில் விடுகிறார்கள். குறைந்தது மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்க்க வேண்டும். அம்மை கண்ட கோழியை, செத்துப்போவதற்கு முன் காசாக்கலாம் என்று சந்தைக்கு ஓட்டிச் செல்வது அடுத்த வீட்டுப் பட்டிக்கு நாமே நோயைக் கொண்டுபோய்க் கொடுப்பது. அதை யாரும் செய்யக் கூடாது.

"தடுப்பூசி போட்டும் வந்துவிட்டதே" என்பார்கள். விசாரித்தால், அவர்கள் போட்டது வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்ற வேறொரு நோய்க்கான ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை புறக்கடைக் கோழிகளுக்கு முகாம் நடத்திப் போடுவதும் அதுதான். நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் அம்மைக்கும் தனியாகப் போடுகிறார்கள். புறக்கடையில் அதை யாரும் கேட்பதே இல்லை. இது குஞ்சுக்கு ஆறு முதல் எட்டு வாரமாகும்போது, இறக்கையை விரித்தால் தெரியும் சவ்வில் இரட்டை ஊசியால் குத்திப் போடுவது. மருந்தைப் பனிக்கட்டியோடு கொண்டுவர வேண்டும். கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டு வெயிலில் கொண்டுவந்த மருந்து எதற்கும் உதவாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து இறக்கையை விரித்துப் பாருங்கள். குத்திய இடத்தில் சிறு வீக்கமோ பொருக்கோ இருந்தால் ஊசி பிடித்திருக்கிறது. ஒன்றுமே இல்லாவிட்டால் மறுபடியும் போட வேண்டியதுதான். இதை மழைக்கு முன்பே, புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது.