லேப்டாப்பில் பறக்கிற குவெரி சர்வரில் நொண்டினால்

மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்கு நான்தான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். அன்றைக்குத் துறைமுகத்தில் இறங்கிய கன்டெய்னர்களின் பட்டியல், தண்டையார்பேட்டையில் என் வீட்டு விண்டோஸ் லேப்டாப்பில் சட்டென்று வந்தது. புதிதாக வாங்கிய லினக்ஸ் சர்வரில் 18 நொடி. "இன்னா தம்பி, இதுக்கா இவ்ளோ காசு போட்டோம்?" என்றார் முதலாளி.

இரண்டிலும் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ்தான். உங்களுக்கும் இப்படி நடந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் அந்தக் குவெரியை, அதாவது பட்டியலைத் தரச் சொல்லி டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, சர்வரிலேயே நேராக ஓட்டுங்கள். அங்கே வேகமாக வந்தால் தகராறு நெட்வொர்க்கிலோ அப்ளிகேஷனிலோ இருக்கிறது. இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் தடவை டிஸ்கிலிருந்து படிக்கும், அடுத்த தடவை மெமரியிலிருந்து எடுக்கும்.

அது ஓடும்போதே லினக்ஸில் 'டாப்', விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறந்து பாருங்கள். டிஸ்குக்காகக் காத்திருக்கிறதா, பிராசஸர் திணறுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து பஃபர் பூல், அதாவது டிஸ்கிலிருந்து படித்ததை மைஎஸ்க்யூஎல் வைத்துக்கொள்ளும் மெமரி. நாம் மாற்றாதவரை இது வெறும் 128 எம்பிதான். சர்வரில் 16 ஜிபி ரேம் இருந்தாலும் அதே 128தான்! டேட்டாபேஸுக்கென்றே வைத்த மெஷின் என்றால் பாதி ரேமுக்கு மேலேயே தாராளமாகக் கொடுக்கலாம். எனக்கு 18 நொடி 11 ஆனது. சரி, ஆனால் நோய் அது இல்லை.

அப்புறம்தான் எக்ஸ்ப்ளெய்ன் போட்டேன். குவெரியை மைஎஸ்க்யூஎல் எந்த வழியில் ஓட்டுகிறது என்று அது காட்டும். உண்மையில் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். குவெரிக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைச் சேர்த்து இரண்டு மெஷினிலும் ஓட்டி, விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். லேப்டாப்பில் 'கீ' என்ற கட்டத்தில், வரிகளைச் சட்டென்று தேட உதவும் இன்டெக்ஸின் பெயர் இருந்தது. சர்வரில் அதே இடத்தில் 'நல்', எதுவும் இல்லை என்று அர்த்தம். 'டைப்' கட்டத்தில் 'ஆல்'. அதாவது பில் டேபிளின் ஆறு லட்சம் வரிகளையும் துழாவுகிறது.

இன்டெக்ஸ் சர்வரிலும் இருந்தது. பிறகு ஏன்? டேபிள் எப்படி அமைந்திருக்கிறது என்று காட்டும் 'ஷோ கிரியேட் டேபிள்' போட்டதும் பிடிபட்டது. லேப்டாப்பில் இருப்பது மைஎஸ்க்யூஎல் 5.7, அதில் எழுத்து வகை சொல்லாமல் டேபிள் போட்டால் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1. சர்வரில் 8.0, அங்கே எல்லா மொழி எழுத்தும் கொள்ளும் யூடிஎஃப்8எம்பி4. பில் டேபிள் பழைய பேக்கப்பிலிருந்து லத்தீன்1 ஆகவே வந்தது. கன்டெய்னர் டேபிளை நான் சர்வரில் புதிதாகப் போட்டேன். இரண்டையும் கன்டெய்னர் எண்ணால் ஜாயின் செய்து சேர்க்கும்போது, பில் டேபிளின் ஒவ்வொரு எண்ணையும் மாற்றிப் பார்த்துத்தான் ஒப்பிட முடியும். இன்டெக்ஸ் சும்மா கிடக்கும்.

தீர்வு, பில் டேபிளையும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்குவது. பேக்கப் எடுத்து, நகலில் முதலில் செய்து பாருங்கள். லத்தீன்1 டேபிளுக்குள் தமிழ்ப் பெயர்கள் எப்படியாவது நுழைந்திருந்தால் குழம்பிவிடும். மாற்றும் நேரத்தில் அந்த டேபிளில் யாராலும் எழுத முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்தேன்.

பட்டியல் இப்போது ஒரு நொடிக்குள் வருகிறது. 5.7க்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இந்த வாரம் லேப்டாப்பிலும் 8.0 போட வேண்டும்.