ரத்தப்போக்கு மாத்திரையை எப்போது போடுவது?

கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருப்பதால் மாதவிடாயின் முதல் இரண்டு நாள் எனக்கு மணிக்கொரு நாப்கின். டாக்டர் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டு டிரானெக்சாமிக் ஆசிட் எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் அதைத் தலைவலி மாத்திரை மாதிரி நினைத்துவிட்டேன். தாங்க முடியாமல் போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்றாம் நாள் வரை பொறுத்திருந்து, ராத்திரி ஒன்றே ஒன்று போட்டேன். ஒரு பயனும் இல்லை. மாத்திரையைத்தான் திட்டினேன்.

ரத்தம் கசியும் இடத்தை உடம்பே உறைவு போட்டு அடைக்கும். அந்த உறைவைக் கரைக்கவும் உடம்பிலேயே ஓர் ஏற்பாடு உண்டு. இந்த மாத்திரை அந்தக் கரைப்பைத் தடுக்கிறது, அவ்வளவுதான். போன ரத்தம் போனதுதான்; அதனால் முதல் நாளே ஆரம்பிக்க வேண்டும். (பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் பெண்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்று தேடிய ஜப்பானியத் தம்பதி ஒகமோட்டோக்கள் 1962-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது.)

என் சீட்டில் இருந்தது இது: 500 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை, நாலு நாளுக்கு மேல் கூடாது. உங்களுக்கு அளவு வேறாக இருக்கலாம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் குறைப்பார்கள். மாதவிடாய் வரப்போகிறது என்று முன்கூட்டியே போடக் கூடாது. போக்கு தொடங்கியதும் முதல் வேளை. போனில் காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று அலாரம் வைத்திருக்கிறேன். சாப்பிடாமலும் போடலாம், எனக்குக் குமட்டுவதால் சாப்பிட்டுவிட்டுத்தான் போடுகிறேன். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் சேர்த்து நாலாக விழுங்காதீர்கள்.

மாதவிடாய் சுத்தமாக நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எத்தனை நாள் வருமோ அத்தனை நாள் வரும், அளவுதான் குறையும். எனக்கு முதல் நாள் பத்து நாப்கின் ஆனது, இப்போது ஐந்தோ ஆறோ. காலண்டரில் கோடு போட்டு எண்ணுவேன். அடுத்த முறை டாக்டரிடம் காட்ட அதைவிடத் தெளிவான கணக்கு இல்லை. வயிற்று வலிக்கு இது உதவாது, அதற்கு வேறு மாத்திரை. ஏற்கனவே இழந்த ரத்தத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை தனி.

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், பார்வையோ நிறமோ மாறித் தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை போட்டும் மணிக்கொரு நாப்கின் நனைந்து தலை சுற்றினாலும் உடனே ஆஸ்பத்திரிதான். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தாலோ, மாதவிடாய் அடியோடு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, முதலில் டாக்டர், மாத்திரை அப்புறம்.

போன மாதம் என் தங்கை, "அக்கா, எனக்கும் ரொம்பப் போகுது, உன் அட்டையில ரெண்டு குடேன்" என்றாள். அவள் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவள். அந்த ஹார்மோனோடு இதுவும் சேர்ந்தால் ரத்தக்குழாயில் உறைவு அடைக்கும் அபாயம் கூடும். முன்பு கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ மூளையிலோ அடைப்பு வந்தவர்களுக்கு இதைக் கொடுக்கவே மாட்டார்கள். வலிப்பு வந்தவர்களும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரை தரவில்லை. கோபித்துக்கொண்டாள், ஆனால் மறுநாளே டாக்டரிடம் போனாள்.